சொகுசுக் கார் எஞ்சினுக்கு ஆயுள் எவ்வளவு?

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில், லப்பைக்குடிக்காடு என்றோர் ஊர் இருக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் தொழுதூர்ப் பக்கம் போனவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களைக் கொண்ட குடும்பங்கள் அவ்வூரில் பல. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் வருகிறவர்களுக்கு ஒரு நல்ல கார் வாங்கும் ஆசை இருப்பது இயல்பு. புதிய சொகுசுக் காரின் விலையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய அதே கார், புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கே கிடைத்துவிடுகிறது!

வாங்கலாமா, கூடாதா? பாலை வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம். "சீமைக் கார் எஞ்சின் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்கிறார் விற்பவர். "ஒரு லட்சத்தைத் தாண்டிய வண்டியைத் தொடாதே" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருவரில் யார் சொல்வது சரி? இதற்கு விடை காண, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது, அது எதனால் தேய்கிறது என்று நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிஸ்டன் நடக்கும் தூரம்

கார் எஞ்சினின் இதயம், சிலிண்டர் எனப்படும் உருளை. அதனுள்ளே பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எரிபொருளும் காற்றும் கலந்து எரியும்போது பிறக்கும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்த இயக்கத்தைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுகள் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு நிமிடம். அதற்குள் ஒவ்வொரு பிஸ்டனும் 2,000 தடவை ஏறி இறங்கிவிடுகிறது. ஒரு தடவை ஏற 8 சென்டிமீட்டர், இறங்க 8 சென்டிமீட்டர் என்றால், கார் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பிஸ்டன் உருளைச் சுவரில் 320 மீட்டர் உரசிக்கொண்டு நடந்திருக்கும். கார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்? பிஸ்டன் நடந்த தூரம் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். பூமியை நடுவில் இரண்டு தடவை சுற்றி வந்தாலும் இவ்வளவு தூரம் ஆகாது. இத்தனைக்கும் நடுவே அதன் தலைக்கு மேல் ஒவ்வொரு உருளையிலும் 30 கோடி தடவை நெருப்புப் பற்றி எரிந்திருக்கும்.

இவ்வளவு உரசலுக்கும் எஞ்சின் எத்தனை தேய்மானத்தைத் தாங்கும்? பொதுவாக, உருளையின் உட்சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் எஞ்சினைப் பிரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பார்கள் மெக்கானிக்குகள். நம் தலைமயிரின் தடிமனைவிடச் சிறிதே கூடுதல்! அவ்வளவுதான் எஞ்சினுக்கு உள்ள சேமிப்பு. அதை எத்தனை ஆண்டுகளில் செலவழிக்கிறோம் என்பதே எஞ்சினின் ஆயுள்.

எண்ணெய் என்னும் கவசம்

இரும்பு இரும்போடு நேராக உரசினால் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அப்படி நேராமல் காப்பது மசகு எண்ணெய். மழை நாளில் தண்ணீர் தேங்கிய தார்ச் சாலையில் வேகமாகப் போகும் கார், சாலையைத் தொடாமல் நீரின் மீதே வழுக்கிச் செல்வதுண்டு. சாலையில் அது ஆபத்து. எஞ்சினுக்குள் அதுவே வரம். சுழலும் தண்டு தன் வேகத்தால் எண்ணெயை இடுக்கிற்குள் இழுத்துக்கொள்கிறது. அங்கே உருவாகும் எண்ணெய்ப் படலம் தண்டைத் தாங்கிப் பிடிக்கிறது. படலத்தின் கனம் சில மைக்ரான்களே. அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகள். ஆயினும் அது இருக்கும்வரை இரும்பும் இரும்பும் சந்திப்பதில்லை; தேய்மானமும் அநேகமாக இல்லை.

ஆனால் இந்தப் படலம் வேகத்தால் உண்டாவது. வேகம் இல்லாத இடத்தில் அது மெலிந்துவிடும். பிஸ்டன் உச்சிக்குச் சென்று திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது அல்லவா? வெப்பமும் அங்கேதான் மிக அதிகம். எனவே உருளையின் மேற்பகுதிதான் முதலில் தேய்கிறது. பழைய எஞ்சினைப் பிரித்ததும் மெக்கானிக் உருளையின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே ஒரு படி தட்டுப்படுகிறதா என்றுதான் அவர் தேடுகிறார்.

காலையில் முதல் தடவை எஞ்சினைக் கிளப்பும்போதும் இதே நிலைதான். இரவு முழுவதும் எண்ணெய் கீழே வடிந்து கிடக்கும். பம்ப் அதை மேலே ஏற்றும் வரை, உறுப்புகள் பழைய ஈரத்தை மட்டும் நம்பி ஓடவேண்டும். ஆகவே ஒரே தடவை கிளப்பி 200 கிலோமீட்டர் ஓடும் எஞ்சினைவிட, இருபது தடவை கிளப்பிப் பத்துப் பத்துக் கிலோமீட்டராக ஓடும் எஞ்சின் மிக விரைவில் மூப்படைகிறது. மீட்டரில் இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. எஞ்சினின் கணக்கு வேறு.

தூசியும் தண்ணீரும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய 9,000 லிட்டர்! ஊரின் காற்று எப்படியோ, அப்படியே எஞ்சினின் மூச்சும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் எல்லாத் தூசியும் ஒன்றல்ல. சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3. ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. இது எஞ்சினின் இரும்பைவிடக் கடினமானது. சுண்ணாம்புத் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும். குவார்ட்ஸ் துகளோ, உள்ளே புகுந்துவிட்டால், எண்ணெய்ப் படலத்தையும் துளைத்து, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் உருளைச் சுவரை அறுக்கும். ஆகவே கிழிந்த வடிகட்டியோடு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவது, நல்ல வடிகட்டியோடு பல ஆண்டுகள் ஓடுவதைவிட அதிகத் தேய்மானத்தை உண்டாக்கிவிடும். சில நூறு ரூபாய் பெறும் ஒரு காகித மடிப்பு, பல லட்சம் ரூபாய் எஞ்சினைக் காக்கிறது!

அடுத்தது தண்ணீர். எஞ்சினின் வெப்பத்தை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் நீர், எஞ்சினை ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தின் கிணற்று நீர் கடின நீர். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரில் இந்த நீரை ஊற்றினால் அதே படிவு குளிர்நீர்ப் பாதைகளிலும் படியும். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒருநாள் நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதித்து, அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். தேய்மானத்தால் இருபது ஆண்டில் வரவேண்டிய முடிவு அன்றைக்கே வந்துவிடும். தயாரிப்பாளர் குறித்த கூலண்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்தே ஊற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சொகுசுக் காரின் சிறப்பு என்ன?

1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. பின்னாளில் 'சில்வர் கோஸ்ட்' என்று புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றை, லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டி 14,371 மைல் ஓடச் செய்தார்கள். முடிவில் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது, புதிதுபோல் ஆக்குவதற்கு மாற்றவேண்டிய பாகங்களின் விலை சுமார் 2 பவுன்தான்! அக்காலச் சாலைகளையும் எண்ணெயையும் நினைத்தால் இது வியப்பே.

அந்த எஞ்சினின் கொள்ளளவு 7 லிட்டர். அதிலிருந்து கிடைத்த திறனோ சுமார் 48 குதிரைத்திறன். அதாவது லிட்டருக்கு 7 குதிரைத்திறன். ஒரு யானையை வைத்து ஓர் ஆட்டின் சுமையை இழுக்கச் செய்தது போல! சொகுசு எஞ்சின்களின் நீண்ட ஆயுளுக்கு முதல் காரணம் இதுவே: உறுப்புகள் தம் வலிமையின் எல்லையில் வேலை செய்வதில்லை.

1989-இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் லெக்சஸ் எல்.எஸ். 400 என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. நான்கு லிட்டர், எட்டு உருளைகள், சுமார் 250 குதிரைத்திறன். சமவெளியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்ல ஒரு காருக்கு 20 முதல் 25 குதிரைத்திறன் போதும். ஆகவே இந்த எஞ்சின் தன் வலிமையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் செலவிட்டு, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுமார் 37 குதிரைத்திறன் கொண்ட மாருதி 800-க்கு அந்த வேகமே பெரும்பாடு. 1996-ஆம் ஆண்டு மாதிரியான ஒரு லெக்சஸ் கார், அமெரிக்காவில் 2019-இல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது; நம் கணக்கில் 16 லட்சம் கிலோமீட்டர்!

இதைக் கேட்டவுடன், சொகுசுக் கார் எல்லாமே இப்படி ஓடும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இன்றைய சொகுசுக் கார்கள் பலவற்றில் இருப்பது டர்போ பொருத்திய இரண்டு லிட்டர் எஞ்சின். அதிலிருந்து 200, 250 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸில் லிட்டருக்கு 7; இதிலோ லிட்டருக்கு 100-க்கும் மேல்! யானை நிதானமாக இழுத்த காலம் போய், பந்தயக் காளை ஓடும் காலம் வந்துவிட்டது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அதற்கும் பாதுகாப்பு அதே எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் மாற்றுவதை ஒருமுறை தள்ளிப்போட்டதைப் பழைய எஞ்சின் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

பழைய அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். 2014 வரை தயாரான அந்தக் காரின் வார்ப்பிரும்பு உருளைகள் தேய்ந்தால், ஊர் லேத் பட்டறையிலேயே போர் அடித்து, பெரிய பிஸ்டன் போட்டு மீண்டும் ஓட்டலாம். சில சொகுசு எஞ்சின்களிலோ அலுமினிய உருளையின் உட்சுவரில் மிக மெல்லிய கடினப் பூச்சு இருக்கிறது. தேய்வது குறைவு, ஆனால் தேய்ந்தால் ஊரில் சரிசெய்வது அரிது.

ஓர் அறிவியல் ஆசிரியரின் கார்

அமெரிக்காவில் நியூயார்க் அருகே இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-இல் அவர் வால்வோ பி1800 கார் ஒன்றை வாங்கினார். நான்கு உருளைகள் கொண்ட சாதாரணமான 1.8 லிட்டர் எஞ்சின். பள்ளிக்குப் போய்வர நாள்தோறும் சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டினார். 2013-இல் அந்தக் கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. 2018-இல் அவர் மறைந்தபோது, அது 52 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. நிலவுக்கு ஆறு தடவை போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் ஆகாது! அதன் எஞ்சின் முதன்முறையாகப் புதுப்பிக்கப்பட்டது 6,80,000 மைலில், அதாவது சுமார் 11 லட்சம் கிலோமீட்டரில்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கையேட்டில் சொன்ன காலத்தில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினார். அதைவிட முக்கியம், அவர் ஓட்டிய விதம். நெடுந்தூரம், சீரான வேகம், நன்கு சூடேறிய எஞ்சின். மேலே சொன்ன எண்ணெய்ப் படலம் ஏறக்குறைய எல்லா நேரமும் காப்பில் இருந்தது.

கிரேக்க நாட்டு டாக்சி ஒன்றும் புகழ்பெற்றது. 1976-ஆம் ஆண்டு மாதிரியான அந்த மெர்சிடிஸ் 240 டி கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன் எஞ்சின் பலமுறை மாற்றப்பட்டது. காரின் ஆயுளும் எஞ்சினின் ஆயுளும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று. இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது, ஓடியது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கிற காரும் மூப்படையும்

இனி லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்புவோம். வெளிநாட்டில் இருப்பவர் வாங்கிய கார், ஆண்டில் பத்து, பதினோரு மாதம் வீட்டு வாசலில் உறைக்குள் நிற்கிறது. பத்து ஆண்டாகியும் மீட்டரில் 25,000 கிலோமீட்டர்தான். "புதுசு மாதிரி!" என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையிலேயே புதுசா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதோ, ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே இறங்கி எண்ணெயில் கலந்துவிடுகிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கி, எரிதலில் உண்டான பிற பொருள்களோடு சேர்ந்து அமிலமாகி, பேரிங்குகளையும் உருளைச் சுவரையும் அரிக்கும்.

"வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்" என்று வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் நீர் உண்டாகிறது. அதை விரட்டும் சூடு உண்டாவதில்லை. இதற்குப் பதில், மாதம் இருமுறை இருபது, முப்பது கிலோமீட்டர் சாலையில் ஓட்டி வருவது மிக நல்லது. அதற்கு ஆளில்லை என்றால் கிளப்பாமலே விட்டுவைப்பது மேல். எண்ணெயை, ஓடிய தூரம் எவ்வளவு குறைவானாலும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். நின்ற காரில் ரப்பர்க் குழாய்களும் இறுகும். எலி ஒயர்களைக் கடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பழைய மாதிரிக் கார்களின் சில வகை ரப்பர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

ஒன்று: எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது நீங்களே கிளப்பிப் பாருங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது.

இரண்டு: புகையைக் கவனியுங்கள். நீலம் கலந்த புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி. சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும்.

மூன்று: எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் போன்ற வெண்ணிறப் பசை இருந்தால் நீர் கலந்திருக்கிறது. தார் போன்ற கறுப்புப் பசை இருந்தால் நெடுநாள் எண்ணெய் மாற்றவில்லை.

நான்கு: ஒவ்வொரு உருளையின் அழுத்தத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எல்லா உருளைகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டவேண்டும்.

ஐந்து: பராமரிப்புச் சீட்டுகளைக் கேளுங்கள். மீட்டரைத் திருத்துகிறவர்கள் உண்டு. தேதியும் கிலோமீட்டரும் குறித்த பத்து ஆண்டுச் சீட்டுகளைத் திருத்துவது எளிதல்ல.

மூன்று ஆயுள்கள்

இனி விடைக்கு வருவோம். ஒழுங்காகப் பராமரித்த சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 2 முதல் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நிதானமாக வேலை செய்யும் பெரிய சொகுசு எஞ்சின், அதே கவனத்தோடு, 4, 5 லட்சம் ஓடுவது அரிதல்ல. பத்து லட்சம் ஓடுவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 3 லட்சம் என்பதே 25 ஆண்டுகள்!

இது எஞ்சினின் ஆயுள். சட்டம் தரும் ஆயுள் வேறு. நம் நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பின்னர் தகுதி ஆய்வில் தேறினால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டான காரை வாங்குபவர் இதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, பணப்பையின் ஆயுள். பெரும்பாலான சொகுசுக் கார்கள் எஞ்சின் தேய்ந்து சாவதில்லை. மின்னணுப் பெட்டியோ, கியர்ப் பெட்டியோ, காற்றுத் தாங்கியோ பழுதாகி, அதன் விலையைக் கேட்ட சொந்தக்காரர் மலைத்து நிற்கும்போதுதான் சாகின்றன. காரின் விலை ஆண்டுக்காண்டு இறங்குகிறது. உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. ஐம்பது லட்சம் ரூபாய்க் காரை எட்டு லட்சத்துக்கு வாங்கினாலும், பராமரிக்க வேண்டியது ஐம்பது லட்சம் ரூபாய்க் காரைத்தான்.

ஆகவே விற்பவர் சொன்னதும் உண்மை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் உண்மை. எந்தக் கார், யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது அது. ஐந்து லட்சம் ஓடக்கூடிய எஞ்சினை எண்பதாயிரத்தில் கொல்லவும் முடியும். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பழுதுகளுக்கென்று தனியே எடுத்து வைக்க முடிந்தால், சீட்டுகள் ஒழுங்காக இருந்தால், வாங்குங்கள். முடியாதென்றால் சிறிய புதுக் காரே நல்லது. அதற்கும் ஓர் எஞ்சின் உண்டு. அதையும் 3 லட்சம் கிலோமீட்டர் ஓட்டலாம்.